உட்கார்ந்து பார்த்த ஜப்பான்

ஜப்பானுக்குக் குழுவாகப் போவதென்று முடிவானதும், சென்னையிலுள்ள சில சுற்றுலா நிறுவனங்களின் பயணத்திட்டங்களை வாங்கி மேசைமேல் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஊர்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, ஒசாகா. ஒரு திட்டத்தில் கியோட்டோவுக்கென ஒதுக்கியிருந்த ஒரே நாளில் ஆறு கோயில்கள் இருந்தன. இன்னொன்றில் அதே நாளுக்கு மூன்று இடங்கள்தாம் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று ஒன்றரை மணி நேரத் தேநீர்ச் சடங்கு. விலை இந்த இரண்டாவது திட்டத்துக்குத்தான் கூடுதல். "இடத்தைக் குறைத்துவிட்டுப் பணத்தை மட்டும் ஏற்றியிருக்கிறார்களே" என்று என் மனைவி அந்த நிறுவனத்தாரிடமே கேட்டுவிட்டாள். "நின்று பார்க்கிற இடத்துக்குச் செலவு குறைவு மேடம். உட்கார வைக்கிற இடத்துக்குத்தான் செலவு அதிகம்" என்றார் அவர்.

விற்பனைக்காகச் சொன்ன பேச்சென்றே அப்போது நினைத்தோம். போய் வந்த பிறகு, ஜப்பானியப் பண்பாட்டை அறியும் நோக்கத்தோடு போகிறவர்கள் ஒரு பயணத்திட்டத்தில் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அதைத்தான் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுவிட்டது. எத்தனை இடங்களில் காலணியைக் கழற்றிவிட்டு, பாய்மீது உட்கார்ந்து, ஒருவர் நமக்காகச் செய்யும் ஒன்றை முழுதாகப் பார்க்கப் போகிறோம் என்பதே அந்தக் கணக்கு.

ஜப்பானில் தனியாகச் சுற்றுவது கடினமன்று. ரயில் நிலையப் பலகைகளில் ஆங்கிலம் இருக்கிறது, வண்டிகள் நேரம் தவறுவதில்லை, வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் தேநீர் அறை, கோயில் விடுதி, கைவினைஞரின் பட்டறை ஆகியவை வேறு வகை. எத்தனை பேர், எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுவார்கள், எவருக்கு முழங்கால் மடங்காது என்பதையெல்லாம் முன்கூட்டியே, பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே, எழுதித் தெரிவித்தால்தான் அங்கே கதவு திறக்கும். முன்னறிவிப்பின்றி வாசலில் போய் நின்றால், மிகுந்த பணிவோடு தலைகுனிந்து இயலாது என்று சொல்லிவிடுவார்கள். இந்த முன்னேற்பாட்டுக்காகத்தான் குழுவுக்குக் கொடுக்கும் பணம் தகும் என்பேன். அதிலும் குழு இருபது பேருக்குள் இருக்க வேண்டும். நாற்பது பேரை ஏற்றிக்கொள்ளும் தேநீர் அறை ஒன்று இருக்குமானால் அது மண்டபமாகத்தான் இருக்கும்.

அடுத்தது வழிகாட்டி. ஜப்பானில் தேசிய அளவில் தேர்வெழுதி உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். 2018 வரை கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டாருக்கு வழிகாட்ட அந்த உரிமம் கட்டாயமாக இருந்தது. அந்த ஆண்டு சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு, உரிமம் இல்லாதவரும் அந்தத் தொழிலைச் செய்யலாம். ஆகவே "அங்கே ஒரு வழிகாட்டி இருப்பார்" என்ற சொல்லோடு நிறுத்திவிடாமல், உரிமம் பெற்றவரா, பயணம் முழுவதும் அதே ஆள் வருவாரா, ஊருக்கு ஊர் ஆள் மாறுவாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. எங்களுக்கு வாய்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. கையில் ஒரு சிறு கொடி, சட்டையில் பொருத்திய ஒலிவாங்கி, எங்கள் ஒவ்வொருவர் காதிலும் ஒரு சிறு ஒலிப்பான். அவர் பேசுவது பத்தடி தள்ளி நிற்கிற அயலாருக்குக் கேட்காது; கூட்டத்தில் நாங்கள் சற்றுப் பின்தங்கினாலும் எங்களுக்குக் கேட்கும். இந்தக் கருவி தரப்படுமா என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. கோயில்களில் குரலுயர்த்திப் பேசும் வழிகாட்டியை அங்கே யாரும் விரும்புவதில்லை.

நேரந் தவறாமையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேருந்து ஓட்டுநரின் பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் அங்கே சட்ட வரம்பு உண்டு. காலையில் நாம் இருபது நிமிடம் தாமதித்தால் மாலையில் அந்த இருபது நிமிடம் திரும்பக் கிடைக்காது. கடைசி இடம்தான் வெட்டுப்படும். டோக்கியோவின் அசகுசாப் பகுதியில் கடைத்தெருவிலேயே மயங்கி நின்றுவிட்டவர்களால் அன்று மாலை ஒரு பூங்கா எங்களுக்குக் கிடைக்காமல் போனது. அதற்குப் பிறகு, எங்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தாமாகவே வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "சார் பார்க்கிறார்" என்ற ஒரு சொல்லுக்கே ஆட்கள் வேகமாக நடந்தார்கள்.

அதே அசகுசாவில்தான் சென்சோஜி கோயில் இருக்கிறது. கி.பி. 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய இரண்டு மீனவச் சகோதரர்களுக்குக் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் சிலை கிடைத்ததாகத் தலபுராணம் சொல்கிறது. நாம் பார்க்கும் பெரிய கூடம் பழையதன்று. 1945 குண்டுவீச்சில் எரிந்து 1958இல் எழுப்பப்பட்டது. அங்கே நூறு யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி ஒரு குச்சியை எடுத்து, அதிலுள்ள எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து பலன் சீட்டை எடுத்துக்கொள்ளலாம். எங்களில் ஒரு மாமிக்குக் கெட்ட பலன் வந்துவிட, முகம் வாடிப்போனது. வழிகாட்டி அம்மையார் அந்தச் சீட்டை நீளவாக்கில் மடித்து, பக்கத்திலிருந்த கம்பியில் முடிச்சுப் போடச் சொல்லி, "இனி அது உங்களோடு வராது, இங்கேயே தங்கிவிடும்" என்றார். மாமி இன்னொரு நூறு யென்னை எடுப்பதற்குள் நாங்கள் நகர்ந்துவிட்டோம்.

மெய்ஜி ஆலயத்தில் கூட்டம் இருந்தாலும் காடு அதை விழுங்கிவிடுகிறது. 1920இல் ஆலயம் அமைந்தபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் அளித்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு உருவாக்கிய காடு அது என்று கேட்டபோது நம்ப முடியவில்லை. வாயிலில் தலைவணங்கி, நடுப்பாதையை விட்டு ஓரமாக நடந்து, மூங்கில் அகப்பையால் நீர் மொண்டு இடக்கை, வலக்கை, வாய் என்று தூய்மை செய்துகொண்டு, சந்நிதியில் இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒரு முறை வணங்க வேண்டும். கைதட்டுவது ஜப்பானின் பூர்வீகச் சமயமான ஷிண்டோவின் ஆலயங்களில் மட்டும். பௌத்தக் கோயில்களில் தட்டக்கூடாது. எது எந்த வகை என்று முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் குழப்பமாக இருந்தது. சிவப்போ மரநிறமோ, குறுக்குச் சட்டம் வைத்த தோரி வாயில் இருந்தால் ஷிண்டோ என்று கொண்டால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இனி உணவு. எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு மேல் சைவம், அதிலும் சிலர் முட்டையும் தொடாதவர்கள். ஜப்பானிய உணவில் சைவர்களுக்குள்ள தடை கண்ணுக்குத் தெரிகிற மீன் துண்டில் இல்லை. தாஷி என்னும் சாற்றில் இருக்கிறது. உலர்த்திப் புகையூட்டிய மீனைச் சீவி எடுத்த செதில்களும் கொம்பு என்னும் கடற்பாசியும் சேர்ந்த இந்தச் சாறுதான் மிசோ என்னும் புளித்த சோயா விழுது சேர்த்த சூப்பிலும், ஊடோன் நூடுல்ஸ் குழம்பிலும், மாவில் தோய்த்துப் பொரித்த காய்கறித் தெம்புரா தொட்டுக்கொள்ளும் நீரிலும் அடிப்படை. சமைத்தவரிடம் "இதில் மீன் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றே நேர்மையாகச் சொல்லுவார்; அவர் கணக்கில் தாஷி மீனாகாது. ஆகவே "மீன் செதில் சாறு, கோழிச் சாறு, முட்டை எதுவும் வேண்டா, கடற்பாசிச் சாறும் காளான் சாறும் ஆகும்" என்று ஜப்பானிய மொழியிலேயே அச்சடித்த ஒரு சிறு அட்டையை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்வது பயன் தரும். எங்களுக்கு அதை வழிகாட்டி அம்மையாரே எழுதித் தந்தார்.

இதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது வெந்நீரூற்றுகள் உள்ள மலையூரான ஹகோனேயில் தெரிந்தது. அங்கே நாங்கள் தங்கியது ரியோகான் எனப்படும் மரபு விடுதி. இரவு உணவு ஆறு மணிக்கென்றால் ஆறு மணிக்குத்தான். ஒவ்வொருவருக்கும் பத்துக்கு மேற்பட்ட சிறு பாத்திரங்களில், வந்திருக்கிறவர்களின் பட்டியலைப் பார்த்து எண்ணித் தயாரித்தது. பட்டியலில் சைவம் என்று இல்லாத ஒருவர் உணவு மேசையில் உட்கார்ந்த பிறகு "இன்று எனக்கு வெள்ளிக்கிழமை, நான் சைவம்" என்றார். பணியாளர் இருவர் வந்து மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். சமையலறையிலிருந்தும் ஒருவர் வந்து கேட்டார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது சோறும் ஊறுகாயும்தான். விரத நாள்களைக்கூடப் படிவத்தில் எழுதிக் கொடுக்கலாம் என்பதை எங்கள் நிறுவனத்தார் அடுத்த குழுவுக்குச் சொல்லுவார்களென்று நம்புகிறேன்.

பல நிறுவனங்கள் ஒவ்வோர் இரவும் இந்திய உணவகத்துக்கே அழைத்துப் போகின்றன. பாதுகாப்பான ஏற்பாடு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காகப் பேருந்தில் நகரத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்புவதில் ஒவ்வொரு மாலையும் ஒன்றரை மணி நேரம் கரைகிறது. அந்த நேரத்தில்தான் கியோட்டோவின் பழைய தெருக்களில் விளக்கேற்றுகிறார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று எங்களுக்கு அமைந்திருந்தது சரியாகவே இருந்தது. அரிசி குக்கரைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டுக்குச் செய்த 1000 வாட் குக்கர் அங்கே 200 வாட்கூடத் தராது. அரிசி ஊறுமே தவிர வேகாது. விடுதி அறையில் சமைப்பதையும் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பதில்லை. பொடி வகைகளும் ஊறுகாயும் போதும். பச்சைக் கறிவேப்பிலையோ பழமோ எடுத்துப் போனால் விமான நிலையத்தில் தாவரச் சோதனையில் நின்றுபோகும். இறைச்சி கலந்தவற்றுக்கும் தடை.

ஹகோனேயில் ஃபூஜி மலை எங்களுக்குத் தென்படவில்லை. மேகம் இறங்கியிருந்தது, அதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதில் பயனில்லை. வெந்நீரூற்றுக் குளியல் வேறு கதை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள்தாம் என்றாலும், உடையின்றி இறங்க வேண்டும் என்றதும் குழுவில் பெரும்பாலோர் பின்வாங்கினார்கள். பல விடுதிகளில் குடும்பமாகவோ தனியாகவோ பூட்டிக்கொண்டு குளிக்கத் தக்க சிறிய குளங்களை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறார்கள். முன்பதிவின்போதே கேட்டால் கிடைக்கும். நான் பொதுக்குளத்துக்கே போனேன். சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து முடித்த பிறகுதான் குளத்தில் இறங்க வேண்டும். துண்டை நீரில் நனைக்கக்கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். உள்ளேயிருந்த இரண்டு முதியவர்கள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூச்சம் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. அறையில் தரும் யுகாதா அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. வராந்தாவில் அப்படி வந்துவிட்ட நம் ஆள் ஒருவரைப் பார்த்து, துப்புரவுப் பணியாளர் தயங்கித் தயங்கித் தம் அங்கியைத் தொட்டுச் சைகை காட்டித் திருத்தினார்.

அங்கிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில். 1964 அக்டோபரில் தொடங்கிய தடம் இது. வண்டி நிலையத்தில் ஒன்றிரண்டு நிமிடமே நிற்கும் என்பதால், இருபது பேர் பெரிய பெட்டிகளோடு ஏறுவது நடக்காத காரியம். நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டிக்கு அதற்கென்றே உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் 2020 முதல் இருக்கிறது. இதற்கு அந்நாட்டார் கண்ட வழி, பெட்டியை முந்திய நாளே சரக்குச் சேவையில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுவது. விடுதி வரவேற்பறையிலேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், பெரும்பாலும் மறுநாள் பெட்டி நமக்கு முன்னே போய் அறையில் நிற்கிறது. கையில் ஓரிரவுக்கான துணியும் மருந்தும் இருந்தால் போதும். பயணத்திட்டத்தில் பெட்டி அனுப்பும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காத நிறுவனத்தோடு போன என் உறவினர் படிக்கட்டுகளைப் பற்றி மட்டுமே பேசுகிறார்.

கியோட்டோவில் வழிகாட்டியின் தேவை எனக்கு முழுதாக விளங்கிய இடம் சஞ்சூசங்கென்தோ என்னும் பௌத்தக் கோயில். ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள மரக்கூடம்; முதலில் 1164இல் கட்டி, எரிந்தபின் 1266இல் மீண்டும் எழுப்பியது. உள்ளே ஆயிரங்கைக் கன்னோனின் திருவுருவங்கள் 1001, நடுவே பெரியதாக ஒன்று உட்கார்ந்திருக்க, இருபுறமும் பத்து வரிசைகளில் ஆயிரம் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னே 28 காவல் தெய்வங்கள். வழிகாட்டி எதுவும் சொல்லாமல் ஓர் உருவத்தின் முன் எங்களை நிறுத்தினார். பறவை மூக்கு, முதுகில் சிறகு, கையில் குழல். "கருடன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆம், கருடன்தான், அங்கே குழலூதுகிறான். பிறகு ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்கினோம். நாராயணன், பிரம்மா, இந்திரன், குபேரன், கின்னரர், அசுரர், எலும்புந்தோலுமாய்த் தடியூன்றி நிற்கும் வசு முனிவர். பௌத்தம் இந்தியாவிலிருந்து சீனா, கொரியா வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த தெய்வங்கள் இவர்கள். கோயில் கோயிலாக அரை மணிக்கு ஒன்று பார்த்திருந்தால் இந்தக் கூடத்தை நீளமான ஒரு மண்டபமாகவே கடந்திருப்போம். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை என்பது இங்கே பேருதவி. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே வாயில் அடைப்பதால் காலையில் போவது நல்லது. நவம்பர் கடைசியில் கியோட்டோவில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது.

மறுநாள் குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி தேநீர்ச் சடங்குக்கும், மறுபாதி இனிப்பு செய்யும் கூடத்துக்கும் போய், பிறகு மாறிக்கொண்டோம். இந்தப் பிரிப்பைத் திட்டமிட்ட நிறுவனத்தாரை மனதாரப் பாராட்ட வேண்டும். தேநீர் அறைக்குப் போகுமுன் பேருந்திலேயே அம்மையார் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். அறைக்குள் காதுக் கருவி கூடாது, பேச்சும் கூடாது என்பதற்காக. சுத்தமான காலுறை, கூடுமானால் வெள்ளை, கொண்டுவரச் சொல்லியிருந்தார். கிண்ணத்தில் கீறல் விழக்கூடாது என்பதால் மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வளையலைக் கழற்ற மனமில்லாத ஒரு பாட்டி அதை முழங்கை வரை ஏற்றி, கைக்குட்டையால் சுற்றிக் கட்டிக்கொண்டார். உபசரிக்கும் அம்மையார் அதைப் பார்த்துவிட்டுச் சம்மதமாகத் தலையசைத்தார். மடக்கி உட்கார முடியாதவர்களுக்குத் தாழ்ந்த மேசையும் முக்காலியும் இருந்தன. நமக்காகச் செய்த சலுகையோ என்று எண்ண வேண்டியதில்லை. 1872இல் கியோட்டோவில் நடந்த கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டாருக்காக உராசென்கே என்னும் தேநீர் மரபின் பதினோராவது தலைவர் வகுத்த முறை அது. இப்போது அதுவும் மரபுதான்.

அறையில் ஒரு சித்திர எழுத்துச் சுருள், மூங்கில் குவளையில் ஒற்றைப் பூ, அடுப்பில் கொதிக்கும் கெண்டியின் ஒலி. முதல் விருந்தாளி என்ற பொறுப்பு தலைமையாசிரியருக்கு. சுருளைப் பற்றியும் கிண்ணத்தைப் பற்றியும் கேட்க வேண்டியவர் அவர் ஒருவரே, மற்றவர்கள் கேட்கக்கூடாது. முதலில் இனிப்பு வந்தது, அதை முழுதும் தின்று முடித்தபின் தேநீர். கிண்ணத்தின் அழகான முகம் நம் பக்கம் திரும்பியிருக்கும்; அதில் வாய் வைக்கலாகாது என்பதால் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை திருப்பிவிட்டுக் குடிக்க வேண்டும். பச்சைத் தூளை வெந்நீரில் மூங்கில் மத்தால் கடைந்த நுரை, கீரையின் கசப்பு. "சர்க்கரை கிடைக்குமா" என்ற முணுமுணுப்பு ஒன்று கேட்டது; தலைமையாசிரியரின் பார்வை அதை அடக்கியது. ஒரு துணியை உபசரித்த அம்மையார் மடித்த விதத்தைப் பற்றி மட்டும் சொல்லலாம்: மூன்று மடிப்பு, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு சிறு நிறுத்தம், தேவையற்ற அசைவு ஒன்றுகூட இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ என்ற தேநீர் ஆசான் ஒழுங்குபடுத்திய இந்தக் கலையைப் பல்லாண்டு பயின்றவர் அவர். இருபது நிமிடத்தில் முடியும் "தேநீர் அனுபவம்" என்று சுற்றுலாத் தெருக்களில் விற்பதில் இந்தத் துணி மடிப்புக்கு நேரமிருக்காது.

இனிப்புக் கூடத்தில் வெள்ளை மொச்சை வகையை அவித்து அரைத்துச் சர்க்கரை சேர்த்த மாவைத் தந்தார்கள். முட்டையோ பாலோ இல்லை என்றதும் மாமிகள் தெம்படைந்தார்கள். கட்டைவிரல் நுனியால் ஐந்து இதழ் அழுத்தி, மூங்கில் கத்தியால் நரம்பு கீறி, மேப்பிள் இலை செய்ய வேண்டும். மோதகம் பிடித்துப் பழகிய கைகளைக் கண்டு ஆசிரியர் வியந்து இன்னொரு முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். வாடகைக் கிமோனோ அணிந்து படமெடுக்கும் நேரமும் திட்டத்தில் இருந்தது. என்னைக் கேட்டால் அதை விட்டுவிட்டு இந்தக் கூடத்தில் இன்னொரு மணி நேரம் தரலாம். கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழைவதை 2024இல் தடை செய்துவிட்டார்கள். கெய்ஷாக் கலை பயிலும் மைக்கோப் பெண்களைத் துரத்திப் படமெடுத்தவர்களால் வந்த வினை.

நாராவின் தோதாய்ஜியில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752இல் அவருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டு அந்தச் சடங்கில் பங்கேற்றார்களாம். இதை அம்மையார் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் எங்களில் பாதிப்பேர் வெளியே மான்களுக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மான்கள் தலைகுனிந்து கேட்கும். கொடுக்காவிட்டால் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கும்.

பயணத்தின் உச்சம் கோயாசான். கூக்காய் என்ற துறவி 816இல் தொடங்கிய மலைக்கோயில் நகரம், ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில். சீனத் தலைநகரில் மந்திர பௌத்தமும், பிரக்ஞா என்ற இந்தியத் துறவியிடம் சமஸ்கிருதமும் கற்றுத் திரும்பியவர் அவர். பெரிய பெட்டிகளைக் கியோட்டோவிலிருந்தே ஒசாகா விடுதிக்கு அனுப்பிவிட்டு, சிறு பைகளோடு கேபிள் ரயிலில் மலையேறினோம். மாலை ஐந்து மணிக்குள் கோயில் விடுதியில் சேர்ந்துவிட வேண்டும், ஐந்தரைக்கு உணவு. அதுவரை ஒவ்வொரு வேளையும் அட்டையை நீட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அங்கே அட்டை தேவைப்படவில்லை. துறவியர் உணவில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. சாறெல்லாம் கடற்பாசியும் காளானும். எள்ளும் கூத்சுக் கிழங்கு மாவும் சேர்த்துக் கிண்டிய எள் தோஃபு, நுங்கு போலத் தட்டில் ஆடியது. குளிரில் உறையவைத்து உலர்த்திய சோயாக் கட்டியான கோயா தோஃபு சாற்றை உறிஞ்சிப் பருத்திருந்தது. ஓர் இளந்துறவி மண்டியிட்டுச் சோறு பரிமாறினார். மூன்றாம் முறை கேட்டபோதும் முகம் மாறவில்லை.

அறைகளுக்கு இடையே காகிதக் கதவுதான். பக்கத்து அறைக் குறட்டை நம் அறைக் குறட்டையே. குளியலறையும் கழிப்பறையும் பல விடுதிகளில் பொது. நவம்பரில் இரவு உறைநிலையை நெருங்குகிறது. வெந்நீர்ப் பையும் கம்பளிக் காலுறையும் கொண்டுபோங்கள். முதியவர்களுக்குத் தரையிலிருந்து எழுவது சிரமம் என்றால் கட்டில் உள்ள அறை சில கோயில்களில் கிடைக்கும், அதையும் முன்பே கேட்க வேண்டும்.

விடியற்காலை வழிபாடு ஆறரைக்கு. இருட்டுக் கூடத்தில் பித்தளை விளக்குகள், தாழ்ந்த குரலில் சூத்திரம். பிறகு தீ மேடையின் முன் குரு உட்கார்ந்து, மந்திரம் சொல்லிச் சமித்துக்களை அடுக்கி நெய்க்குப் பதில் எண்ணெய் விட்டார். எங்களோடு வந்த சாஸ்திரிகள் ஒருவர் கண்ணை மூடாமல் கைகளின் முத்திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் "அடுக்கிற முறை வேறே, ஆனா அவசரப்படலை பாத்தேளா" என்றார் என்னிடம். அவருக்கு அதற்கு மேல் பாராட்டத் தெரியாது.

அங்கிருந்து ஓகுனோஇன் இடுகாட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் நடை. வானுயர்ந்த சுகி என்னும் ஊசியிலை மரங்களுக்கிடையே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். பல கற்கள் ஐந்தடுக்கு: சதுரம், வட்டம், முக்கோணம், பிறை, இரத்தினமணி. நிலம், நீர், தீ, காற்று, வெளி என்று கீழிருந்து மேலாக அம்மையார் சொல்லத் தொடங்கியதும், மீதியை நாங்களே சொல்லி முடித்தோம். பெருநிறுவனங்கள் தம் ஊழியருக்கு எழுப்பியவையும், தாம் கொன்ற கறையான்களுக்காகப் பூச்சி ஒழிப்போர் சங்கத்தார் வைத்த கல்லும்கூட அங்கே இருக்கின்றன. கடைசிப் பாலத்தைத் தாண்டினால் படமெடுக்கக்கூடாது, தொப்பி அணியக்கூடாது. கூக்காய் 835இலிருந்து அங்கே தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை. நாள்தோறும் இரு வேளை துறவிகள் அவருக்கு உணவு எடுத்துச் செல்கிறார்கள். பத்தரை மணி உணவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூவர் எங்களைக் கடந்து போனார்கள். எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

சில்லறைச் செய்திகள் சில. டோக்கியோவில் இறங்கி ஒசாகா அருகிலுள்ள கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பும்படி பயணச்சீட்டு இருந்தால், ஐந்நூறு கிலோமீட்டர் திரும்பி வரும் பாடு இல்லை. கடவுச்சீட்டு எப்போதும் உடலோடு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். சூடோஎஃபெட்ரின், கோடின் கலந்த சில சளி, இருமல் மருந்துகளுக்குத் தடையோ கட்டுப்பாடோ இருப்பதால் மருந்துப் பையை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். சிறு கோயில்களில் ரொக்கம்தான் செல்லும். நாடா கட்டும் காலணியைத் தவிருங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை கழற்ற வேண்டியிருக்கும்.

கடைசி நாள் ஒசாகாவில், கருத்துச் சொல்லுங்கள் என்று நிறுவனத்தார் கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னது ஒன்றே: வணிக வளாகத்துக்கான அரை நாளை எடுத்துவிட்டுக் கோயாசானில் இன்னோர் இரவு வேண்டும். இலையுதிர்காலத்தில் கோயில் விடுதிகளில் இருபது பேருக்கு இரண்டு இரவு சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது, பல மாதங்களுக்கு முன்பே கேட்டாக வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். ஆகவே வரும் நவம்பரை மனத்தில் வைத்திருப்பவர்கள் கோடை தொடங்குமுன் பெயரைக் கொடுத்து, முழங்கால் வலி, வெங்காயம், பூண்டு, வெள்ளிக்கிழமை விரதம் எல்லாவற்றையும் அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.